குளத்து நீரின் எண் ஒத்துவராதபோது: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் முறை

நீரியல் பாடநூல்களில் வரும் ஏரி பெரும்பாலும் குளிர்நாட்டு ஏரி. ஆழமானது, ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் மேல்கீழாகப் புரள்வது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் குளங்களும் கடலேரியை மறித்து உண்டாக்கிய நன்னீர்த் தேக்கங்களும் அப்படியல்ல. வன்னியில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவும் அப்படியல்ல. ஆழம் குறைவு, நீர் 27 முதல் 32 பாகை செல்சியசு வரை சூடு, கோடையில் இழுத்தடிக்கும் சோளகம் (தென்மேற்குக் காற்று). குடாநாட்டில் அடியில் சுண்ணக்கல், பக்கத்தில் உப்பு. நூலில் உள்ள "இயல்பான அளவு" இங்கே பல இடங்களில் பொருந்தாது. அதனால் உண்மையான அளவைப் பிழை என்று எறிவதும், கருவியின் பிழையைக் குளத்தின் நோய் என்று அறிக்கை எழுதுவதும் சமமாக நடக்கின்றன.

எந்த அறிகுறிக்கும் முன்னால் களத்தாளை எடுத்துப் பாருங்கள். மாதிரி எடுத்த நேரம், மொத்த ஆழம், எடுத்த ஆழம், காற்று எந்தப் பக்கமிருந்து, கடைசி மழை எப்போது, மதகு திறந்திருந்ததா, வான் பாய்ந்ததா (மிகைநீர் வழிந்ததா). இவற்றில் நேரம் விடுபட்டிருந்தால் ஒட்சிசன், பிஎச் (நீரின் அமில-கார அளவு) இரண்டையும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மற்ற அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

அறிகுறி: கரைந்த ஒட்சிசன் 12, 14 என்று காட்டுகிறது

முதலில் கருவி. ஈரப் பஞ்சு வைத்த அளவீட்டுக் குவளைக்குள் உணரியை நிழலில் 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். மென்சவ்வில் நீர்த்துளி ஒட்டியிருக்கக் கூடாது. ஈரக்காற்றில் காட்ட வேண்டிய அளவு வெப்பநிலையைப் பொறுத்தது. கடல்மட்டத்தில் நன்னீருக்கு 26 பாகையில் லீற்றருக்கு 8.1 மி.கி., 28 பாகையில் 7.8, 30 பாகையில் 7.6, 32 பாகையில் 7.3. நமது குளங்கள் எல்லாம் தாழ்நிலத்தில் இருப்பதால் உயரத் திருத்தம் தேவையில்லை. காட்டும் எண் இதிலிருந்து 0.2க்கு மேல் விலகினால் மீண்டும் அளவுத்திருத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் விலகினால் மென்சவ்வை மாற்றுங்கள்.

ஈரக்காற்றில் சரியாக இருந்து குளத்தில் மட்டும் 14 வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பச்சை பிடித்த குளத்தில் பின்னேரம் மூன்று மணிக்கு நிரம்பல் அளவின் (ஈரக்காற்றுக்கு மேலே சொன்ன அளவின்) ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வருவது உண்மையான அளவே. அல்கா (நீரில் மிதக்கும் நுண்பாசி) பகல் முழுவதும் உற்பத்தி செய்த ஒட்சிசன் வெளியேற நேரமில்லாமல் நீரிலேயே நிற்கிறது. அதே இடத்தில் விடிய வெள்ளன, சூரியன் எழுமுன் அளந்தால் 2 அல்லது 3 இருக்கும். இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் அந்தக் குளத்தைப் பற்றிய செய்தி. காலை பத்து மணிக்கு ஒரு முறை மட்டும் அளந்து "7.5, நல்ல நீர்" என்று எழுதுவது, இரவில் மூச்சுத் திணறும் குளத்துக்கு நற்சான்றிதழ் கொடுப்பதாகும்.

தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளை அண்டிய நீரில் இன்னொரு பிழை உண்டு. உணரி அளப்பது ஒட்சிசனின் பகுதியமுக்கத்தை. அதை மில்லிகிராமாக மாற்றுவது கருவிக்குள் இருக்கும் கணக்கு. உவர்ப்புத் தெரிவு பூச்சியத்தில் நின்றால் அந்தக் கணக்குப் பிழைக்கும். 30 பாகையில் நிரம்பல் அளவு நன்னீரில் 7.6, கடல்நீரில் ஏறத்தாழ 6.2. அதாவது உவர்நீரில் இல்லாத ஒட்சிசனை ஐந்தில் ஒரு பங்குவரை கூட்டிக் காட்டும்.

அறிகுறி: ஒட்சிசன் எண் நிற்காமல் இறங்கிக்கொண்டே போகிறது

மென்சவ்வு வகை உணரி தான் அளக்கும் ஒட்சிசனைத் தானே தின்னும். அசையாத நீரில் அதைச் சுற்றி ஒட்சிசன் அற்ற ஒரு மெல்லிய படை உருவாகி எண் இறங்கும். செக்கனுக்கு 30 சென்ரிமீற்றர் அளவு வேகத்தில் உணரியை மேலும் கீழுமாக அசையுங்கள். எண் ஏறி நின்றால் குற்றம் அசைவின்மையில். ஒளியியல் உணரிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதன் முனையில் பாசி படிந்தால் அதுவும் பொய் சொல்லும்.

அசைத்தும் இறங்கினால் மென்சவ்வுக்குக் கீழே குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். வெள்ளி மின்வாய் கறுத்திருந்தால், கருவியைக் கூழ்முட்டை மணக்கும் அடிச்சேற்றுக்குள் விட்டிருக்கிறீர்கள். ஐதரசன் சல்பைட்டு வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும். கைநூலில் சொன்னபடி மினுக்கி, புதிய மின்பகுபொருள் இட்டு, புதிய மென்சவ்வு போடுங்கள்.

ஐயம் தீராவிட்டால், கரைசல்கள் இட்டு ஒட்சிசனை அளக்கும் வின்க்லர் முறைக்குப் போங்கள். கருவிகள் பத்து வந்தாலும் கடைசி நீதிபதி அதுதான். 300 மி.லீ. போத்தலின் அடிவரை குழாயை விட்டு, போத்தல் கொள்ளளவின் இரண்டு மூன்று மடங்கு நீர் வழிந்தோட விடுங்கள். கயிறு கட்டிய வாளியில் அள்ளி ஊற்றினால் ஊற்றும்போதே காற்று கரைந்து, 2 இருந்த நீர் 5 ஆகிவிடும். மங்கனீசு சல்பேற்று 1 மி.லீ., கார-அயடைட்டு-அசைட்டு 1 மி.லீ., இரண்டையும் குழாயி (பிப்பெற்று) முனை நீருக்குள் இருக்கும்படி இடுங்கள். குமிழி சிக்காமல் மூடி, பலமுறை தலைகீழாக்குங்கள். வீழ்படிவு பாதி உயரத்துக்கு இறங்கியதும் மீண்டும் கலக்கி, மறுபடி இறங்கவிட்டு, செறிந்த சல்பூரிக் அமிலம் 1 மி.லீ. இடுங்கள். இதுவரை களத்திலேயே முடிக்க வேண்டும். அமிலம் இட்ட போத்தலை இருட்டில் வைத்து, சில மணி நேரத்துக்குள் நியமித்துவிடுங்கள் (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச்சொட்டாக இட்டு அளப்பதே நியமிப்பு).

நியமிப்புக்கு எடுப்பது 201 மி.லீ. போத்தலில் முதல் இரண்டு கரைசல்களும் 2 மி.லீ. மாதிரியை வெளியே தள்ளிவிட்டன, எனவே 201 மி.லீ. எடுத்தால்தான் அதில் உண்மையான குளத்து நீர் 200 மி.லீ. இருக்கும். 0.025 மோலார் தயோசல்பேற்று 1 மி.லீ. செலவானால் லீற்றருக்கு 1 மி.கி. ஒட்சிசன், வேறு பெருக்கல் இல்லை. வைக்கோல் நிறம் வந்த பிறகே மாப்பொருள் கரைசல் இடுங்கள், அது தரும் நீலம் மறைவதே முடிவு.

இதற்குள்ளும் அறிகுறி உண்டு. முதல் வீழ்படிவு கபிலமாகாமல் வெள்ளையாகவே நின்றால் நீரில் ஒட்சிசன் இல்லை. நீலம் மறைந்த உடனே திரும்பத் திரும்ப வந்தால் நைத்திரைற்று தலையிடுகிறது, அசைட்டு பழையது. சில நிமிடம் கழித்து மெல்ல நீலம் வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். எல்லா மாதிரிகளும் ஒரே விகிதத்தில் விலகினால் தயோசல்பேற்றின் செறிவை நியமம் செய்யாமல் பழைய சீட்டை நம்பியிருக்கிறீர்கள்.

அறிகுறி: களத்தில் ஒரு பிஎச், ஆய்வுகூடத்தில் வேறு பிஎச்

எந்தத் திசையில் மாறியது என்பதே விடை. பச்சைக் குளத்து நீர் களத்தில் 9.3, அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் 8.1 என்று இறங்கினால், போத்தலின் இருட்டில் அல்காவும் பற்றீரியாவும் சுவாசித்து விட்ட காபனீரொட்சைட்டு காரணம். சுண்ணக்கல் கிணறு அல்லது கேணி நீர் களத்தில் 7.1, ஆய்வுகூடத்தில் 7.9 என்று ஏறினால், நிலத்துக்கடியில் ஏற்றிக்கொண்ட காபனீரொட்சைட்டு வெளியேறிவிட்டது. இரண்டிலும் மின்வாய்மேல் குற்றமில்லை. களத்து எண்ணை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

பிஎச் ஏறிய போத்தலில் இன்னொன்றும் நடந்திருக்கும். போத்தலைக் கவிழ்த்து வெறுமையாக்கி, உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். மணல்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தால் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் நாலு துளி விடுங்கள். நுரைத்தால் அது கல்சியம் காபனேற்று. நீரிலிருந்த கல்சியமும் காரத்தன்மையும் சுவரில் ஒட்டிவிட்டன, கூடவே பொசுபேற்றும் கொஞ்சம். இப்படிப்பட்ட மாதிரியில் வன்மை, காரத்தன்மை, பொசுபேற்று மூன்றும் குறைத்தே வரும். போத்தலைக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். காரத்தன்மையை அன்றே நியமியுங்கள். கல்சியத்துக்குத் தனிப் போத்தல் வைத்து, பிஎச் 2க்குக் கீழ் இறங்கும்வரை நைத்திரிக் அமிலம் இடுங்கள்.

மின்வாயைச் சோதிக்க மில்லிவோல்ற்றுத் தெரிவுக்கு மாற்றுங்கள். 25 பாகையில் 7.00, 10.01 தாங்கற்கரைசல்களுக்கு (பிஎச் மாறாத நியமக் கரைசல்களுக்கு) இடையே 178 மில்லிவோல்ற்று வித்தியாசம் வர வேண்டும். 169க்குக் கீழ் வந்தால் கழுவி, 3 மோலார் பொற்றாசியம் குளோரைட்டில் ஓர் இரவு ஊறவைத்துப் பாருங்கள், தேறாவிட்டால் கழித்துவிடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் மின்வாயை ஊறவைப்பதுதான் அதைக் கொல்லும் பழக்கம். திறந்த 10.01 கரைசல் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சும், நாளைக்கு என்று எடுத்துவைக்காதீர்கள். மாரி தொடங்கி நிரம்பிய குளத்தின் புது மழைநீரில் அயன்கள் குறைவு. அங்கே எண் நிலைக்க ஐந்து நிமிடம்கூட ஆகும், அவசரப்பட்டு முதல் எண்ணை எழுதாதீர்கள்.

அறிகுறி: மின்கடத்துதிறன் (கரைந்த உப்பைக் காட்டும் அளவு) ஒரு கிழமையில் துள்ளிவிட்டது

அற்பக் காரணங்களை முதலில் ஒதுக்குங்கள். மில்லிசீமன்ஸ், மைக்ரோசீமன்ஸ் குழப்பம். கலத்துக்குள் காற்றுக்குமிழி, இது எண்ணைக் குறைக்கும். 25 பாகைத் திருத்தம் அணைந்திருத்தல், இது 30 பாகை நீரில் ஏறத்தாழ 10 வீதம் கூட்டும். 0.01 மோலார் பொற்றாசியம் குளோரைட்டு 25 பாகையில் செ.மீ.க்கு 1413 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டும்.

கருவி சரியென்றால் ஆழத்துக்கு ஆழம் அளவுங்கள், ஒவ்வொரு 25 சென்ரிமீற்றருக்கும் ஒன்று. மறித்த கடலேரியில் மழைக்குப் பின் மேலே 2 மில்லிசீமன்ஸ், கால் முழுகும் ஆழத்தில் 15, 20 என்று இருந்தால் அது பிழையல்ல. நன்னீர் உவர்நீரின் மேல் எண்ணெய் போல மிதக்கிறது. ஆழம் ஒன்றரை மீற்றரே ஆனாலும் இந்தப் படை நாட்கணக்கில் நிற்கும். அடியிலுள்ள நீருக்குக் காற்றுத் தொடர்பு அறுந்து ஒட்சிசன் தீர்ந்து சல்பைட்டு சேரும். கரையிலிருந்து கை நீட்டி அள்ளிய போத்தல் மேற்படையை மட்டுமே சொல்லும். ஒரு நாள் பலத்த காற்றடித்துக் கலக்கிவிட்டால் மேல் நீரின் எண் துள்ளும், ஆனால் உப்பு புதிதாக வரவில்லை.

கோடையில் மெல்ல ஏறும் எண்ணுக்கு வேறு கணக்கு. ஆவியாதலா, உப்பு உட்புகுதலா? குளோரைட்டை வெள்ளி நைத்திரேற்றால் நியமித்து, நீர்மட்டக் கோலிலிருந்து கனவளவைக் கணக்கிடுங்கள். கனவளவு பாதியாகி குளோரைட்டு இரட்டித்திருந்தால் ஆவியாதல் மட்டுமே. குளோரைட்டு மூன்று மடங்கானால் வெளியிலிருந்து உப்பு வருகிறது. கடல்நீரில் குளோரைட்டு லீற்றருக்கு ஏறத்தாழ 19 கிராம் என்பதால், நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே 190 மி.கி. கூடும். இந்தக் கணக்குக்குக் கல்சியத்தைத் துணைக்கு அழைக்காதீர்கள். சுண்ணக்கல் நீரில் அது செறியச் செறியப் படிந்துவிடும், குளோரைட்டு மட்டுமே ஓடாமல் நிற்கும்.

முழு அயன் பகுப்பாய்வு கையிலிருந்தால் ஓர் எளிய சோதனை: மைக்ரோசீமன்ஸ் எண்ணை 100ஆல் வகுத்தால், லீற்றருக்கு மில்லிசமவலுவில் நேரயன்களின் கூட்டுத்தொகை ஏறத்தாழ வர வேண்டும். 900 காட்டும் நீரில் கூட்டுத்தொகை 5 என்றால் ஏதோ ஓர் அயன் பிழைத்திருக்கிறது. பெரும்பாலும் சோடியத்தின் ஐதாக்கல் காரணி மறந்துபோயிருக்கும்.

அறிகுறி: நீர் கலங்கல், ஆனால் குளோரோபில் (அல்காவின் பச்சை நிறப்பொருள்) குறைவு

20 சென்ரிமீற்றர் கறுப்புவெள்ளைத் தட்டை நிழற்பக்கத்தில், பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் இறக்கி, மறையும் ஆழத்தையும் திரும்பத் தெரியும் ஆழத்தையும் சராசரியாக்குங்கள், அதுவே தெளிவாழம். தட்டு மறையுமுன் தரை தட்டினால் "அடிவரை தெரிந்தது" என்று எழுதுங்கள், மொத்த ஆழத்தைத் தெளிவாழம் என்று எழுதக் கூடாது.

இனி நீரின் ஊட்டநிலையைக் காட்ட கார்ல்சன் 1977இல் தந்த சுட்டெண்ணை இரண்டு வழியாகவும் கணக்கிடுங்கள். தெளிவாழம் 0.5 மீற்றர்: 60இலிருந்து 14.41 × 0.5இன் இயற்கை மடக்கையைக் கழித்தால் 70. குளோரோபில் லீற்றருக்கு 10 மைக்ரோகிராம்: 9.81 × 10இன் இயற்கை மடக்கை, அதனுடன் 30.6 கூட்டினால் 53. தெளிவாழம் 70 சொல்லி குளோரோபில் 53 சொன்னால் ஒளியை மறிப்பது அல்கா அல்ல, மண். இந்தக் குளத்தைத் தெளிவாழத்தை மட்டும் வைத்து "மிகையூட்டமுற்றது" (ஊட்டம் மிகுந்து அல்கா பெருகியது) என்று எழுதினால் அது தவறான தீர்ப்பு.

மண் எங்கிருந்து? காலை ஆறு மணிக்கும் சோளகம் எழுந்த பின்னேரத்திலும் அளந்து பாருங்கள். காலையில் தெளிவு, பின்னேரம் கலங்கல் என்றால் காற்று அடியைக் கிளறுகிறது. இரண்டு வேளையும் கலங்கல் என்றால் மாடு இறங்கும் துறை, அல்லது அடியைக் கிண்டும் மீன். 1952இல் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா கூடு தோண்டும் பழக்கமுள்ளது, கரையோரத்தில் தட்டுப்போன்ற குழிகள் வரிசையாகத் தெரிந்தால் அதுதான். மழைக்குப் பின் மட்டும் என்றால் வரத்து வாய்க்காலைப் பாருங்கள்.

அறிகுறி: நீர் பச்சை, குளோரோபில் எண் மட்டும் சிறியது

பெரும்பாலும் பிரித்தெடுப்பில் குறை. கண்ணாடியிழை வடிதாளில் நீர் மிஞ்சியிருந்தால் 90 வீத அசற்றோன் 80 வீதமாகிவிடும். வடிதாளை அரைக்காமல் ஊறவைத்தால், மைக்ரோசிஸ்ரிஸ் போன்ற சளியுறை கொண்ட நீலப்பச்சை அல்கா நிறத்தை விடாது. அரைத்து, இருட்டில் 4 பாகையில் ஓர் இரவு வைத்து, மையநீக்கி விட்டு அளவுங்கள். 750 நனோமீற்றரில் உறிஞ்சல் 0.005க்கு மேல் இருந்தால் கலங்கல் மிஞ்சியிருக்கிறது, மறுபடி மையநீக்கம் செய்யுங்கள். அமிலமிடுமுன் 664, இட்டபின் 665 நனோமீற்றர் உறிஞ்சல்களின் விகிதம் 1.7 அளவில் இருந்தால் நிறப்பொருள் உயிருள்ளது. 1.0ஐ அண்டினால், அல்கா செத்துக்கிடந்தது அல்லது வடிதாள் வெயில்பட்டுக் கெட்டது.

அறிகுறி: நைத்திரேற்று இரண்டு அறிக்கையில் நாலு மடங்கு வித்தியாசம்

4.43ஆல் வகுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஒருவர் நைத்திரேற்றாக எழுதியிருப்பார், மற்றவர் நைத்திரேற்று-நைதரசனாக. குடிநீர் எல்லையான 50 மி.கி. முதல் வகைக்கு, அதுவே இரண்டாம் வகையில் 11.3. செறிவாகப் பசளையிடும் தோட்டங்களும் மலக்குழிகளும் சுண்ணக்கல்மேல் உள்ள குடாநாட்டில் இந்தக் குழப்பம் வெறும் எழுத்துப்பிழையாக நிற்காது, கைக்குழந்தை உள்ள வீட்டின் கிணற்றுக்குத் தவறான தீர்ப்பாகும். புறஊதா முறையில் அளந்தால் 275 நனோமீற்றர் உறிஞ்சலின் இரு மடங்கு, 220 நனோமீற்றர் உறிஞ்சலின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இலைதழை ஊறிய கபில நிறக் குளத்து நீரில் அது தாண்டும். அங்கே அந்த முறையையே விடுங்கள்.

பொசுபேற்றில் வெற்றுக்கரைசலே (மாதிரி சேர்க்காத ஒப்பீட்டுக் கரைசலே) நீலமானால் சவர்க்காரத்தால் கழுவிய கண்ணாடிதான் குற்றவாளி. 10 வீத ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்த பாத்திரங்களைத் தனியே வையுங்கள். நிறம் வந்து 10 நிமிடத்துக்குப் பின், 30 நிமிடத்துக்குள் 880 நனோமீற்றரில் வாசியுங்கள்.

அறிகுறி: ஒரு கரையில் பச்சைச் சாயம் ஊற்றியது போல

காற்று ஒதுக்கிய பக்கம். வாடையில் ஒரு கரை, சோளகத்தில் எதிர்க்கரை. அந்தக் கரையில் அள்ளிய மாதிரி முழுக் குளத்துக்கும் பேசாது, நடுவில் எடுத்ததும் அந்தக் கரையின் ஆபத்தைச் சொல்லாது. இரண்டும் வேண்டும், தனித்தனியே எழுதுங்கள். ஒரு தெளிந்த போத்தலில் முக்கால்வாசி அள்ளி அசையாமல் ஓர் இரவு வையுங்கள். மேலே பச்சை வளையமாக மிதந்தால் நீலப்பச்சை அல்கா, குளத்தில் தடியை விட்டு எடுக்கும்போது அதில் நூல்போலத் தொங்கினால் இழைப்பாசி. மிதந்தால் நஞ்சு இருக்கும் என்று எடுத்துக்கொண்டு மாட்டையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். கொதிக்க வைத்தால் அந்த நஞ்சு போகாது.

வெயிலேறச் சிவந்து நிழலில் பச்சையாகும் படலம் வேறு. அது யூக்கிளினா, உரம் மிகுந்த சிறு குளத்தின் அடையாளம்.

அறிகுறி: விடியக் கரையில் மீன் செத்து மிதக்கிறது

பத்து மணிக்குப் போய் ஒட்சிசன் அளந்து "சாதாரணம்" என்று சொல்வதில் பொருளில்லை, அதற்குள் அல்கா வேலையைத் தொடங்கிவிட்டது. முதலில் மீனைப் பாருங்கள். பெரியவை செத்து, குஞ்சுகள் தப்பி, உயிரோடு இருப்பவை மேலே வாய் பிளந்தால் ஒட்சிசன் பற்றாக்குறை. விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன், அதனால் அது தப்பிவிடும். விராலும் சேர்ந்து செத்திருந்தால் நஞ்சைத் தேடுங்கள்.

அடுத்து அமோனியா. ஆய்வுகூடம் தருவது மொத்த அமோனியா, மீனைக் கொல்வது அயனாகாத பங்கு. 30 பாகையில் பிஎச் 7இல் அந்தப் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 8இல் ஏறத்தாழ 7, 9இல் ஏறத்தாழ 45. எனவே பச்சைக் குளத்தில் பின்னேர பிஎச்சுக்குரிய பங்கால் பெருக்கிப் பார்க்காத அமோனியா எண்ணால் பயனில்லை.

நீண்ட வெயிலுக்குப் பின் வந்த முதல் பெருமழைக்கு அடுத்த நாள் என்றால், நகருக்குள் வெள்ளவாய்க்கால் விழும் குளங்களில் வாய்க்கால் வாயிலும் நடுவிலும் எதிர்க்கரையிலும் தனித்தனிப் போத்தல் நிரப்புங்கள். காற்றோ மழையோ அடியைப் புரட்டியிருந்தால் கூழ்முட்டை மணமும் கறுத்த நீரும் இருக்கும். சூடான நீரில் வெப்பப்படை எளிதில் உண்டாகும்: 29க்கும் 30க்கும் இடையிலுள்ள ஒரு பாகை தரும் அடர்த்தி வேறுபாடு, 10க்கும் 11க்கும் இடையிலுள்ளதைப்போல் மூன்று மடங்கு. அணைக்கட்டை அண்டிய ஆழப்பகுதியில் சில நாள் காற்றில்லாமல் போனாலே அடியில் ஒட்சிசன் தீர்ந்துவிடும்.

பூச்சிகொல்லி ஐயமென்றால் பிளாஸ்ரிக் போத்தல் வேண்டாம், கபிலக் கண்ணாடிப் போத்தல் 1 லீற்றர், கழுத்துவரை நிரப்பி மூடியின் உட்பக்கம் அலுமினியத்தாள் வைத்து மூடுங்கள். செத்து ஊதிய மீன் பயனற்றது. துடிக்கும் நிலையிலுள்ள இரண்டு மூன்றைத் தாளில் சுற்றி, றெஜிபோம் பெட்டியில் ஐசுக்கு நடுவே வைத்து அன்றே அனுப்புங்கள். பெட்டியின்மேல் எடுத்த நேரத்தை எழுதுங்கள்.